ரெண்டு சாண் கம்பி

"போட்டுருங்க" என்று சொன்னால் ஆயிற்று. ஒரே ஒரு சொல். நாகமணிக்கு அது புதுசும் இல்லை. முன்னால் ரெண்டு தடவை சொல்லியிருக்கிறாள், ரெண்டு தடவையும் அரை நிமிசத்தில் சொல்லி முடித்து, முடித்த கையோடு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். இந்தத் தடவை மட்டும் அந்தச் சொல்லுக்கு என்ன கேடு வந்ததோ, தொண்டையை விட்டு மேலே வரமாட்டேன் என்கிறது. நேற்றுச் சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து வீட்டுக்காரர் சென்னியப்பன் கூப்பிட்டார். "அம்முணி, நாளைக்குத்தான் கடைசி நாளு. இன்னும் ரெண்டு வருசத்துக்குச் சைன் போடறனா, இல்லை மூட்டையைக் கட்டிட்டு ஊருக்கு வர்றனான்னு காலையில ஏழு மணிக்குள்ள ஆபீஸ்ல சொல்லிரோணும். அங்க அப்ப எட்டரை. எட்டு இருவத்தஞ்சுக்குக் கூப்பிடறேன். யோசிச்சு வை. நீ சொல்றதுதான்" என்றார். நீ சொல்றதுதானாம்! ஆறு வருசமாக இதையே சொல்லிச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறார் மனுசன். இப்போது மணி ஏழு இருபது. பால் கறந்தாயிற்று, சோறு கட்டியாயிற்று, வாசலில் பைக்கு நிற்கிறது. இங்கேயிருந்து திருப்பூர் பனியன் கம்பெனி கேட்டுக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். அந்த இருபத்திரண்டு கிலோமீட்டருக்குள் யோசித்து முடித்தாக வேண்டும். வண்டி ஓட்டும்போது வேறெதையும் யோசிக்கக் கூடாது என்று சொன்னதும் இதே மனுசன்தான்.

சாமான் ஏற்றுவது அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. சீட்டுக்கு அடியில் குறுக்கே கொடுத்து இடது பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் அஞ்சு லிட்டர் பால் கேன். பின் சீட்டில் தக்காளி வருகிற பிளாஸ்டிக் கூடை, சைக்கிள் டியூபை நீளமாக அறுத்து நாலு சுற்றுச் சுற்றிக் கட்டியது. அதற்குள் மூடி போட்ட பெயிண்டு வாளி. சாயங்காலம் கம்பெனி மெஸ்ஸில் கழுநீர் பிடித்து எருமைக்குக் கொண்டு வர. கூடையின் ஓரத்தில் கட்டுக்கம்பியால் இறுக்கிய ஒரு முழப் பிவிசி பைப்பு, அதற்குள் குடை. பெட்ரோல் டேங்கின் மேல் அவருடைய பழைய ஜீன்ஸ் பேண்டின் ரெண்டு காலையும் வெட்டித் தைத்த இரட்டைப் பை. ஒரு பக்கம் சோறு கட்டின தூக்குப்போசி, மறு பக்கம் தண்ணி பாட்டிலும் செல்போனும். டேங்கில் ஒட்டிக்கொண்டிருக்கிற காந்தம் செத்துப்போன ரேடியோப் பெட்டியிலிருந்து பிடுங்கியது, அதில் நூல் வெட்டுகிற கத்தரி. கிளட்சு ஒயரில் துணி கவ்வுகிற கிளிப்பு, அதில் கம்பெனி கார்டு. ஊர்ப் பிள்ளைகள் இதற்கு சர்க்கஸ் வண்டி என்று பேர் வைத்திருக்கிறார்கள், வைத்துக்கொண்டு போகட்டும். ஒரு நாள் அவிநாசி ரோட்டில் போலீஸ்காரர் ஒருத்தர் கையைக் காட்டி நிறுத்தி, சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, வீட்டையே கட்டி எடுத்துட்டுப் போறியா?" என்று கேட்டார். "ஊட்டுல ஆளில்லீங் சார், அதான் கூடவே கொண்டுபோறேன்" என்று சொல்லிவிட்டாள். அவர் சிரித்து அனுப்பிவிட்டார். கொஞ்ச தூரம் போன பிறகுதான், நாம் சொன்னது சிரிக்கிற பேச்சா என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குள் மூணாவது கியர் போட்டாகிவிட்டது.

பால் சொசைட்டியில் ஊற்றிவிட்டுக் காலிக் கேனைக் கம்பியில் மாட்டி, ஊர் எல்லை தாண்டி, பெருமாநல்லூர் ரோட்டில் ஏறினாள். காலைக் குளிர் இன்னும் போகவில்லை. இந்த இடத்தில்தான் மனசு அவிழ்ந்துகொள்ளும். முதல் தடவை அவர் கேட்டபோது போய் ரெண்டு வருசம் ஆகியிருந்தது. வீடு பேஸ்மட்டத்தோடு நின்றது, மகள் நிவேதா பத்தாவது. போட்டுருங்க. ஒரு மாசம் லீவில் வந்துவிட்டுப் போனார். ரெண்டாவது தடவை கேட்டபோது நிவேதாவுக்குக் காலேஜ், வீட்டுக்கு மேலே தளம் ஓட்ட வேண்டும். "லீவுக்கு வராட்டி அந்தச் சம்பளத்தையும் சேர்த்துக் குடுக்கறாங்களாமா, வாங்கிக்கட்டுமா?" என்றார். செரிங், போட்டுருங்க. தளம் ஓடியது. ஆக, நேருக்கு நேர் பார்த்து நாலு வருசம். இப்போது வீடு முடிந்துவிட்டது, வெள்ளையடித்துக் கதவுக்குப் பாலீஷ் கூடப் போட்டாயிற்று. நிவேதா சேலத்தில் ஹாஸ்டலில் இருக்கிறாள், ரெண்டாம் வருசம், படிப்புச் செலவுக்குத் தட்டுப்பாடில்லை. எல்லாம் ஆயிற்று. அதுதான் வம்பே. கைவசம் ஒரு சாக்குக்கூட இல்லை. போட்டுருங்க என்றால், எதுக்கு என்று அவளே அவளைக் கேட்க வேண்டியிருக்கிறது. வாங்க என்றால், அதுக்கும் எதுக்கு என்று ஒரு காரணம் வேண்டும். எருமையைப் பார்க்க ஆளில்லை என்று சொல்லலாமா? வாங்கின நாளிலிருந்து அவள்தானே பார்க்கிறாள். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லலாமா? நாக்கு அழுகிப்போகும். ஒன்றுமில்லை, நீங்கள் வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லலாமா? ஐயோ சாமி. நாற்பத்திரண்டு வயசில், கல்யாண வயசில் பிள்ளையை வைத்துக்கொண்டு, போனில்! ஹெல்மெட்டுக்குள்ளே அவளுக்குக் கன்னம் சூடாகிவிட்டது. எதிரே வந்த மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

அது சரி, வர வேண்டும் என்று அவருக்கு இருந்தால் கேட்பானேன்? டிக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நிற்க வேண்டியதுதானே. நான் என்ன வேண்டாம் என்று கதவைச் சாத்தவா போகிறேன்? கேட்கிறார் என்றாலே அங்கேயே இருக்கத்தான் இஷ்டமோ என்னவோ. இருக்கலாம். கூட நாலு பேர் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை ஆனால் பிரியாணி போட்டுச் சாப்பிடுகிறார்கள், வீடியோவில் காட்டினாரே. இருந்துகொள்ளட்டும். ஆனால் அந்த வீடியோவில் எல்லாரும் தட்டைப் பார்த்துச் சிரிக்கும்போது அவர் மட்டும் செல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதையும் பார்த்தாள். துணி செக்கிங்கில் பதினாறு வருசம். ஒரு சட்டையில் எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே ஊசி ஓட்டை இருக்கிறது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள், சொன்ன இடத்தில் அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுத்த பீஸை எடுப்பாள். வீட்டுக்காரர் முகத்தில் மட்டும் எங்கே ஸ்டிக்கர் ஒட்டுவது என்று தெரியவில்லை. எல்லா இடத்திலும் ஒட்டலாம் போலிருந்தது, ஒரு இடத்திலும் ஒட்ட முடியாது போலவும் இருந்தது. இதையே நினைத்துக்கொண்டு வந்ததில் ஸ்பீடு பிரேக்கரைப் பார்க்கவில்லை. வண்டி தூக்கிப் போட்டது, தூக்குப்போசிக்குள் ரசம் அலம்பியது.

ஒரு மாசம் லீவில் வந்தாரே, அப்போது பின் சீட்டில் இந்தக் கூடை கிடையாது. பின் சீட்டில் அவள்தான். ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து, வலது கையை அவர் தோளில் வைத்துக்கொள்வாள். சட்டையில் சோப்பு வாசத்தையும் மீறி இரும்பு வாசம் வரும், வெல்டிங் வைக்கிறவர் உடம்பில் அது எத்தனை குளித்தாலும் போகாது. வண்டி ஓட்டும்போது அவருக்குப் பேசியாக வேண்டும். முகத்தைப் பாதி திருப்பி ஏதாவது சொல்லிக்கொண்டே வருவார், காற்று பாதியைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். அவள் ஆங், ஆங் என்று மட்டும் சொல்லிக்கொண்டு வருவாள். ஒரு தடவையாவது, "காது கேக்கலீங், வண்டியை நிறுத்திட்டுச் சொல்லுங்" என்று சொன்னாளா? சொல்லவில்லை. அந்த ஒரு மாசத்தில் என்னென்ன சொன்னாரோ, எதற்கெல்லாம் ஆங் போட்டாளோ. போகிற அன்றைக்கு முந்தின நாள், இதே ரோட்டில், இதே புளியமரத்துப் பக்கத்தில், நீளமாக ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவள் ஆங் என்றாள். அவர் மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு வீடு வரைக்கும் பேசவில்லை. என்ன கேட்டிருப்பார்? நான் போகட்டுமா என்று கேட்டிருப்பாரோ? அதற்கா ஆங் என்றேன்? புளியமரம் பின்னால் போய்விட்டது. இருக்காது, டீ குடிக்கலாமா என்று கேட்டிருப்பார், அதைப் போய், என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு டீயும் குடிக்கவில்லை.

நான்குவழிச் சாலை ஏறுவதற்கு முன்னால் கூடையைக் கட்டியிருந்த டியூப் அறுந்தது. அறுந்த சத்தம் கேட்கவில்லை, பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை விடாமல் அடித்ததில்தான் திரும்பினாள். கூடை ஒரு பக்கம் சாய்ந்து, பெயிண்டு வாளியின் மூடி ரோட்டில் உருண்டு பேக்கரி வாசலில் போய் விழுந்திருந்தது. வண்டியை ஓரங்கட்டினாள். பேக்கரிக்காரப் பெண், சாந்தாமணி, மூடியை எடுத்துத் துடைத்துக் கொண்டு வந்து கொடுத்தாள். கூடையை ஒரு கையால் பிடித்துக்கொள்ளவும் செய்தாள், நல்ல பெண். வண்டியில் எப்போதும் ஒரு டியூப் உபரியாக இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது அவர்தான். ஆஸ்பத்திரி ரப்பர் கூடாது, பஸ்ஸில் மூட்டை கட்டுகிற கயிறு கூடாது, சைக்கிள் டியூப்தான் இழுத்தால் இழுபடும், விட்டால் பிடிக்கும் என்பார். சுற்றிக்கொண்டிருக்கும்போதே சாந்தாமணி கேட்டாள், "ஏனுங்க்கா, அண்ணன் எப்ப வர்றாருங்?" எல்லாரும் கேட்கிற கேள்விதான். நாகமணியின் வாய் தானாகச் சொன்னது: "தைக்கு வந்துருவாருங் கண்ணு." சாந்தாமணி சிரித்தாள். "போன தைக்கும் இதையேதான் சொன்னீங்." கேலிக்குத்தான் சொன்னாள், மனசில் ஒன்றும் கிடையாது. ஆனால் நாகமணிக்கு டியூப் முடிச்சு கையில் நிற்கவில்லை, ரெண்டு தடவை நழுவியது. போன தைக்குச் சொன்னதைத்தான் அதற்கு முந்தின தைக்கும் சொன்னாள். இன்றைக்குப் போட்டுருங்க என்றால் இன்னும் ரெண்டு தைக்குச் சொல்ல வேண்டும். நடைபாதையில் நின்று அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது. "நேரமாச்சுங் கண்ணு, வர்றேன்" என்று வண்டியை உதைத்தாள். மணி எட்டு.

கிளம்பியவுடனே கேன் இடது குதிகாலில் இடித்தது. டங்கென்று ஒன்று. காலிக் கேன்தான், வலிக்காது. ஆனால் இடிக்கிறதே. மூணு வருசமாக இடிக்கிறது. எருமை வாங்கின புதுசில், கேனை எப்படி எடுத்துப் போவது என்று போனில் கேட்டாள். அவர் அங்கே மதியச் சோற்று நேரத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். சீட்டுக்கு அடியில் குறுக்கே ஒரு கம்பி கொடு, பத்து எம்எம், முனையை மேலே வளைத்துவிடு, நீளம் ரெண்டு சாண் நாலு விரற்கடை, அதற்கு ஒரு நூல் கூடவோ குறையவோ கூடாது, அப்போதுதான் கேன் காலில் படாமல் தள்ளி நிற்கும். பட்டறையில் வேலை பார்க்கிற மனுசர், டேப்பு இருந்தாலும் வீட்டுக் காரியத்துக்குச் சாண்தான் போடுவார். அவள் அன்றைக்கே பட்டறைக்குப் போய், மேசையின் மேல் கையை விரித்து, ரெண்டு சாண், நாலு விரல், இந்தாங்க என்று காட்டி வெட்டிக்கொண்டு வந்தாள். மாட்டிப் பார்த்தால் கேன் குதிகாலோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவர் கணக்கு இது வரைக்கும் தப்பினதே கிடையாதே. ஒரு வாரம் கழித்துத்தான், ராகி மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது, கையைப் பார்த்து விளங்கியது. அது அவர் சாண். இது என் சாண். அவர் சொன்னது அவர் கைக்கு. அடக் கூறுகெட்டவளே என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று சாயங்காலம் "கொக்கி எப்படி இருக்குது அம்முணி?" என்று கேட்டார். "சரியா இருக்குதுங்" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள்? அங்கே வெயிலில் காய்கிற மனுசனிடம் இதையெல்லாம் எதுக்குச் சொல்லி வெசனப்படுத்துவது என்றுதான். பால் கொண்டுபோகும்போது கேன் கனமாக இருக்கும், இடித்து இடித்துக் குதிகாலில் தோல் கறுத்துப் போயிருக்கிறது. கேட்கும்போதெல்லாம் சரியா இருக்குதுங். காய்ச்சலில் கிடந்தபோதும் சரியா இருக்குதுங். நிவேதா ஹாஸ்டலுக்குப் போன அன்று வெறும் வீட்டில் உட்கார்ந்து ஒரு உருண்டை சோறு இறங்காமல் தட்டைக் கழுவியபோதும் சரியா இருக்குதுங்.

புஷ்பா தியேட்டர் பக்கம் போகிற சிக்னலில் சிவப்பு விழுந்தது. அறுபது, ஐம்பத்தொன்பது என்று எண் இறங்கியது. நியூட்ரலில் போட்டுக் கிளட்சை விட்டுவிட்டு, என்ன தோன்றியதோ, இடது கையை டேங்கின் மேல் விரித்து வைத்தாள். கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரைக்கும். இது என் சாண். அவர் சாண் இதற்கு மேல் எவ்வளவு போகும்? ஒரு விரலா? ரெண்டு விரலா? கண்ணை மூடிப் பார்த்தாள். அவர் கை வரவில்லை. முகம் வருகிறது, தினமும் செல்லில் பார்க்கிற முகம்; குரல் வருகிறது; கை வரவில்லை. கல்யாணத்தில் பிடித்த கை, நிவேதா பிறந்த அன்றைக்கு வெள்ளைத் துணியோடு சேர்த்து ஒரே கையில் ஏந்தின கை, புறங்கையில் வெல்டிங் பொறி பட்டுப் பட்டுச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி. புள்ளி ஞாபகம் இருக்கிறது, அளவு ஞாபகம் இல்லை. இது என்ன அநியாயம்! ஒரு பொண்டாட்டிக்குப் புருசன் கை எத்தனை பெரிசு என்று மறந்து போகுமா? செல்லில் கையைக் காட்டுங்க என்று கேட்டால், அதில் எதுவும் பெரிசாகத் தெரிந்தால் பெரிசு, சின்னதாகத் தெரிந்தால் சின்னது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒழியத் தெரியாது. பக்கத்தில் வேண்டும். பின்னால் ஹாரன் அடித்தார்கள், பச்சை விழுந்து எத்தனை நேரம் ஆயிற்றோ. "அக்கோவ், பச்சை!" என்று ஒருத்தன் கத்திவிட்டுத் தாண்டிப் போனான்.

சரி, வாங்க என்றே சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினாள். கட்டி அரை பர்லாங்கு போவதற்குள் வேறு பயம் வந்து ஏறிக்கொண்டது. வந்து? லீவில் வந்த நாலாவது நாள் சமையல்கட்டில் நின்றுகொண்டு, "உப்பு எங்க வெச்சிருக்கறே?" என்று கேட்டார். இருந்த இடத்திலிருந்து ஒரு அலமாரி தள்ளி வைத்திருந்தாள், அவ்வளவுதான். அதற்கே அவர் முகம் எப்படியோ ஆகிவிட்டது. இன்னொரு நாள் வாசலில் செருப்பு போட்டுக்கொண்டே, "வண்டியை எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். அவர் வாங்கின வண்டி! அவளிடம் கேட்கிறார்! ஒறம்பரையாக, விருந்துக்கு வந்திருக்கிறவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். அன்றைக்கே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, "அதுக்கென்னங், எடுத்துக்குங்க" என்று இவளும் ஒறம்பரையிடம் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டாள். இப்போது இன்னும் நாலு வருசம் போயிருக்கிறது. வீட்டில் ஒரு சாமான் பழைய இடத்தில் இல்லை. வண்டியில் அவர் கட்டினது என்று பார்த்தால் ஹேண்டில் பாருக்குக் கீழே காய்கறிப் பை மாட்டுகிற ஒரே ஒரு கொக்கி. மிச்சமெல்லாம் அவள் கட்டினது, அவள் கைக்கு எட்டுகிற மாதிரி, அவள் காலுக்கு வாகாக. பின் சீட்டில் கூடை, கூடையில் வாளி. வந்து இறங்கினால் மனுசன் எங்கே உட்காருவார்? ஓட்டுவாரா, உட்காருவாரா? ஓட்டினால் டேங்கிலிருக்கிற பை முட்டியில் இடிக்கும். எடுத்துப் போட்டுவிட்டால் தூக்குப்போசி எங்கே போகும்? இதெல்லாம் ஒரு கவலையா என்று இருந்தது, இதுதான் கவலை என்றும் இருந்தது. போன வாரம் நிவேதாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டாள், அப்பா வந்துட்டா எப்படிடி இருக்கும் என்று. "நல்லாத்தான் இருக்கும். உனக்கு எப்படிம்மா இருக்கும்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டாள் அந்தக் கழுதை. எனக்கென்னடி என்று சொல்லிப் போனை வைத்தாள். எனக்கென்ன. எனக்கு என்னென்னவோ. வாரா வாரம் அவர் சட்டை ரெண்டை எடுத்துத் துவைத்து வெயிலில் காயப்போட்டு மடித்து வைக்கிறேனே, உடுத்தாத சட்டையை எதுக்குத் துவைக்கிறாய் என்று யாராவது கேட்டார்களா? நல்லவேளை, கேட்கவில்லை. வேண்டாம், போட்டுருங்க என்றே சொல்லிவிடலாம். பழகின சொல், ஒருத்தருக்கும் கஷ்டமில்லை. இல்லை, வாங்க. இல்லை. கம்பெனிச் சந்து திரும்பும்போது எது முடிவு என்று அவளைக் கேட்டிருந்தால் அவளுக்கே தெரிந்திருக்காது.

வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றப் போன கை பாதியில் நின்றது. ஜீன்ஸ் பைக்குள் செல் அடித்தது. எட்டு இருபத்தஞ்சு. சொன்னால் சொன்ன நேரம், அதில் மட்டும் மாற மாட்டார். ஹெல்மெட்டோடேயே ஸ்பீக்கரில் போட்டாள்.

"கம்பெனிக்குப் போய்ட்டியா அம்முணி?"

"இப்பத்தானுங் வந்தேன்."

"சோறுண்டியா?"

"ம். நீங்க?"

"ஆச்சு. ரொட்டி." பின்னால் யாரோ இந்தியில் சத்தம் போட்டார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்புறம்... என்ன சொல்றே? போடட்டுமா?"

"போட்டுருங்க" என்றாள் நாகமணி.

அவள் சொல்லவில்லை. அவள் வாய் சொன்னது. ரெண்டு தடவை சொல்லிப் பழகின வாய், தைக்கு வருவார் என்றும் சரியா இருக்குது என்றும் சொல்லிச் சொல்லித் தேறின வாய், அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது. அந்தப் பக்கம் ஒரு மூச்சு விட்ட சத்தம். "செரி" என்றார். அந்தச் செரியில் ஒன்றுமே இல்லை, கோபமில்லை, வருத்தமில்லை, மனுசனே இல்லை. "செரி அம்முணி. சைன் போட்டுட்டுப் பட்டறைக்குள்ள போறப்ப செல்லைக் குடுத்துரோணும். மத்தியானம் கூப்பிடறேன்." வைத்துவிட்டார்.

வண்டியைச் சுற்றிப் பெண்கள் வேகவேகமாக கேட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். என்ன சொன்னேன்? என்ன சொல்லித் தொலைத்தேன்? செல்லைக் கொடுத்துவிட்டால் மத்தியானம் வரைக்கும் பேச முடியாது, அதற்குள் கையெழுத்துக் காய்ந்துவிடும், ரெண்டு வருசம் போய்விடும், அப்போது எனக்கு நாற்பத்திநாலு, அவருக்கு ஐம்பது. அவசரத்தில் முதலில் யாரையோ அழுத்திவிட்டாள், வெட்டிவிட்டு மறுபடி அழுத்தினாள். அடித்தது. அடித்தது. எடுங்க. எடுங்க சாமி, குடுத்தராதீங்க. ஆறாவது ரிங்கில் எடுத்தார்.

"என்ன புள்ளே? என்னாச்சு?"

"போடாதீங்க."

"என்னது?"

"சைன் போடாதீங்க. வந்துருங்க."

"நிவேதாவுக்கு ஏதாச்சும்..."

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லீங். எல்லாரும் நல்லா இருக்கறோம். நாந்தான் நல்லா இல்லை. எனக்கு நீங்க வேணும். வந்துருங்க."

சொல்லிவிட்டாள். நடு ரோட்டில், ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, ஸ்பீக்கரில். செக்கிங் டேபிளில் எதிரே உட்காருகிற பெண் ஒருத்தி நின்று பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். போகட்டும், போய் லைன் பூராவும் சொல்லட்டும். லைன் கட்டாகிவிட்டதோ என்று செல்லைப் பார்த்தாள், நொடி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்? இருக்கறீங்ளா?"

"இருக்கறேன்." குரல் உடைந்து வந்தது. "இதுக்குத்தான் புள்ளே ஒவ்வொருக்காவும் உன்னையக் கேட்டேன். இந்த ஒரு வார்த்தையை ஒருக்காவாச்சும் சொல்லுவியான்னு."

அவளுக்கு வந்ததே கோபம். "அட, கேக்காம வந்து நின்னிருந்தா நான் என்ன தொரத்தியா உட்டிருப்பேன்? ஆறு வருசம்! ஆறு வருசத்தை இப்படி ஆக்கிப்போட்டீங்ளே!" என்று கத்தினாள். கத்தினது அழுகையில் போய் முடிந்தது. அந்தப் பக்கமும் அழுகைதான். கேட்டில் வாட்ச்மேன் மணி அடித்தார், அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"நேரமாச்சுங், மொதல்ல போய்ச் சொல்லுங்க" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "வெச்சராதீங்க. அப்படியே கையில புடிச்சுட்டுப் போங்க."

அவர் வைக்கவில்லை. சரளைக்கல்லில் பூட்சு நடக்கிற சத்தம் கேட்டது, முதலில் நடை, பிறகு ஓட்டம். ஒரு இரும்புக் கதவு திறந்தது. ஏசி இரைச்சல். யாரோ ஒருத்தர் அவசரமாக என்னவோ கேட்டார். சென்னியப்பனுக்கு இங்கிலீஷ் வராது, வந்தவரைக்கும் போதும் என்று நினைத்தார் போலிருக்கிறது, பட்டறையில் கத்துகிற குரலிலேயே சொன்னார்.

"நோ சார். நோ சைன். மை ஒய்ஃப் காலிங் மீ."

அந்த ஆள் மறுபடி ஏதோ கேட்டார், நம்பாத மாதிரி. நாகமணி செல்லை ஹெல்மெட்டோடு சேர்த்துக் காதில் அழுத்தினாள்.

"ஹோம், சார்" என்றார் சென்னியப்பன். "ஐ கோ ஹோம்."